மீன் தொட்டியின் மேல் செடிச்சுவர்: அழகுக்கா, வேலைக்கா?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் சிலர், தொட்டிக்கு மேலே சுவரை ஒட்டிச் செடிகளையும் வளர்க்கிறார்கள். சிறிய மின்சார பம்பு ஒன்று தொட்டி நீரை மேலே ஏற்றுகிறது. அந்த நீர், கூழாங்கல் நிரப்பிய தட்டுகளின் வழியே இறங்கி, வேர்களை நனைத்துவிட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்புகிறது. மண் கிடையாது, தனியாக உரமும் கிடையாது. பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள். அழகுதான். ஆனால் அழகு மட்டுமே வேண்டுமென்றால் ஒரு படத்தை வாங்கி மாட்டிவிடலாமே! இந்தச் சுவருக்கு ஒரு வேலை உண்டு. அந்த வேலையை அது செய்கிறதா என்று அளந்து பார்க்காதவர்கள் அதை அமைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

என்ன வேலை அது? நைட்ரஜன் சுழற்சியின் படத்தை நீங்கள் பாடப் புத்தகத்தில் வரைந்திருப்பீர்கள். மீனின் உணவில் புரதம் உண்டு. புரதத்தில் நைட்ரஜன் உண்டு. அதில் ஒரு பகுதியை மீன் தன் உடலோடு சேர்த்துக்கொள்கிறது. மீதியில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகிறது. இது மீனுக்கு நஞ்சு. ஏரியில் அது பரவி நீர்த்துப் போகும். 50 லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி அது செய்துவிடும். வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. (இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்யக்கூடும் என்பது 2015இல்தான் தெரியவந்தது. அப்படிப்பட்ட பாக்டீரியா கிடைத்த இடங்களுள் ஒன்று, மீன் வளர்ப்பு நீரைச் சுத்தம் செய்யும் ஒரு வடிகட்டி!)

நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். கடையில் வாங்கும் வடிகட்டி அதை அகற்றுவதில்லை. சுழற்சிப் படத்தில் நைட்ரேட்டிலிருந்து செடிக்குப் போகும் அம்புக்குறி ஒன்று உண்டல்லவா? சாதாரணத் தொட்டியில் அந்த அம்புக்குறிதான் அறுந்து கிடக்கிறது. அதனால்தான் வாரந்தோறும் வாளியைத் தூக்க வேண்டியிருக்கிறது.

நீருக்குள்ளேயே செடி வளர்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். வளர்க்கலாம். ஆனால் கரியமில வாயு காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீரில் பரவுகிறது. மூழ்கிய செடி அந்த வாயுவுக்காகக் காத்துக் கிடக்க, வேரை நீரிலும் இலையை வெளியிலும் வைத்திருக்கும் செடிக்குக் காற்றே அதைக் கொண்டுவந்து தருகிறது. ஒளியும் கூடுதல். ஆகவே வளர்ச்சி வேகமாகிறது. வேர் உறிஞ்சும் நைட்ரஜனும் மிகுதியாகிறது.

பிரான்சு நாட்டுத் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்க் இதற்கு நல்ல உதாரணம். பெரிய கட்டடங்களின் சுவர்களில் செடிகளைப் படரவிட்டு உலகப் புகழ் பெற்றவர் அவர். 1986இல் பாரிசிலுள்ள அறிவியல் காட்சியகத்தில் அவர் அமைத்த செடிச்சுவரை இன்றும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அவருடைய தொடக்கம் கட்டடத்தில் இல்லை. இளம் வயதில் வீட்டில் மீன் வளர்த்தபோது, தொட்டி நீரைச் சுத்தமாக்குவதற்காக ஒரு பிலோடென்ட்ரான் செடியின் வேரை அதில் விட்டுப் பார்த்தவர் அவர். முதலில் வந்தது வேலை. அழகு பின்னால் வந்தது.

இனி, கணக்குக்கு வருவோம். 50 லிட்டர் தொட்டியில் சிறிய மீன்கள் சில இருக்கின்றன, நாளொன்றுக்கு 0.2 கிராம் உணவு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உணவில் 40 சதவீதம் புரதம் என்றால், அது 80 மில்லிகிராம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, ஏறத்தாழ 13 மில்லிகிராம். மீன் 3 மில்லிகிராமை எடுத்துக்கொண்டால் 10 மில்லிகிராம் நீரில் தங்கும். அது முழுவதும் நைட்ரேட்டானால் 44 மில்லிகிராம் ஆகும். ஒரு மாதத்தில் லிட்டருக்கு 26 மில்லிகிராம் ஏறிவிடும். இதைச் செடி உண்ண வேண்டும். உலர்ந்த இலையில் நைட்ரஜன் சுமார் 3 சதவீதம் என்றும், பச்சை இலையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்றும் கொண்டால், நாளுக்கு 3.3 கிராம், அதாவது மாதத்துக்கு 100 கிராம் பச்சை இலை புதிதாக வளர வேண்டும். ஒரு பாட்டிலில் செருகிய ஒற்றை மணி பிளாண்ட் கொடியால் இது ஆகுமா? அதற்குத்தான் ஒரு சுவரே தேவைப்படுகிறது.

இன்னொன்றும் இதிலிருந்து விளங்கும். வளர்ந்த இலை பழுத்துத் தொட்டியில் விழுந்து அழுகினால், அதிலிருந்த நைட்ரஜன் பழைய இடத்துக்கே வந்து சேரும். அதை வெளியேற்றுவது உங்கள் கையிலுள்ள கத்தரிக்கோல்தான். எனவே மாதம் ஒரு முறை வெட்டுங்கள். வெட்டியதைச் சமையலறைத் தராசில் நிறுங்கள். 100 கிராம் வந்தால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. 20 கிராம்தான் வந்தால் ஐந்தில் ஒரு பங்கு வேலையே நடக்கிறது. மீதிக்கு வாளியை எடுக்க வேண்டியதுதான். "செடி வைத்துவிட்டோம், இனி நீர் மாற்றவே வேண்டாம்" என்பாரிடம் எத்தனை கிராம் வெட்டினீர்கள் என்று கேளுங்கள்! செடிச்சுவர் அறையின் காற்றைச் சுத்தமாக்கும் என்ற விளம்பரத்தையும் நான் ஏற்பதில்லை. சன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரைக் கட்டிய அன்றே மீன்களை வாங்கி விட்டுவிடாதீர்கள். பாக்டீரியாக்கள் கற்களில் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். செடி புது வேர் விடவும் நாளாகும். புதுத் தொட்டிகளில் மீன்கள் செத்து மிதப்பதற்கு முக்கியக் காரணம் இந்த அவசரமே. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றை அளக்கும் சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கும். முதலிரண்டும் ஏறி இறங்கி மறைந்த பிறகு, இரண்டு மூன்று மீன்களோடு தொடங்குங்கள். இலை வெளுத்தால் இரும்போ பொட்டாசியமோ குறைந்திருக்கலாம்; அதற்காக யூரியாவைத் தூவிவிடாதீர்கள். அது நீரில் அம்மோனியாவாக மாறி மீன்களைக் கொன்றுவிடும்.

வெட்டிய மணி பிளாண்ட் இலைகளை ஆடு மாடுகளுக்குப் போடலாமா என்றால், கூடாது. சேனையும் சேம்பும் சேர்ந்த குடும்பம் அது. இலையிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயை அரிக்கும். எருக்குழியில் போட்டு மக்கவிட்டுத் தோட்டத்துச் செடிகளுக்கு இடுங்கள்.