வேலிக்குள் 65 நாள்

வீட்டில் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டுவிட்டால் என்ன செய்வோம்? வாசலில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகி வைப்போம். 'உள்ளே நோய் இருக்கிறது, வராதீர்கள்' என்று அதற்கு அர்த்தம். பலகை எழுதி மாட்ட வேண்டியதில்லை, தெருவே புரிந்துகொள்ளும்.

2020-ஆம் வருஷம் கொரோனாக் காலத்தில், கானடா தேசத்தில் இதையே தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்களை உள்ளே வைத்து, நோயை வெளியே நிறுத்தி, நடுவே வேலி போட்டார்கள். எதற்காக என்கிறீர்களா? ஹாக்கி ஆடுவதற்காக!

'ஹாக்கி விஷயம் நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இது கட்டுப்பாட்டைப் பற்றிய கதை. வீட்டை நிர்வகிக்கிற உங்களுக்குத்தான் இது நன்றாகப் புரியும்.

அந்த ஊர் ஹாக்கி, பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டு ஆடுவது. பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வில்லை. நான்கு சுவருக்குள், குளிர்ந்த காற்றில், ஒருவர்மேல் ஒருவர் மோதி, மூச்சு இரைக்க இரைக்க ஆடுவார்கள். மூச்சுக் காற்றில் பரவுகிற வியாதிக்கு இதைவிட வசதி வேறு வேண்டுமா?

இந்த ஆட்டம் ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டதுதான். 1919-இல் சியாட்டில் நகரத்தில் 'ஸ்டான்லி கோப்பை'க்கான இறுதிப் போட்டி நடந்தது. ஐந்து ஆட்டம் முடிந்து, சியாட்டில் கட்சியும் மான்ட்ரியால் கட்சியும் சரிசமமாக நின்றன. ஏப்ரல் 1-ந் தேதி முடிவான ஆட்டம். ஆனால் மான்ட்ரியால் ஆட்டக்காரர்களில் பலர் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். சில மணி நேரத்துக்கு முன்பு ஆட்டம் ரத்தாயிற்று. நான்கு நாள் கழித்து ஜோ ஹால் என்ற ஆட்டக்காரர் ஆஸ்பத்திரியிலேயே காலமானார். இன்றைக்கும் அந்தக் கோப்பையில் இரண்டு கட்சிகளின் பெயரும் இருக்கின்றன. கீழே, 'தொடர் முடிவுறவில்லை' என்று பொறித்திருக்கிறது.

ஆகவே, 2020 மார்ச் 12-ந் தேதி தேசீய ஹாக்கி லீக் தன் ஆட்டங்களை நிறுத்தியபோது, மறுபடி தொடங்க அவசரப்படவில்லை. ஜூன் மாதம் சிறு சிறு குழுவாகப் பயிற்சி. ஜூலையில் முழுக் கட்சியாகப் பயிற்சி. ஜூலை 26-ந் தேதி 24 கட்சிகள் வேலிக்குள் நுழைந்தன: 12 டொரான்டோவில், 12 எட்மண்டனில்.

உள்ளே என்ன சட்டம் தெரியுமா? ஒரு கட்சிக்கு 52 பேருக்கு மேல் கூடாது. தங்கும் ஓட்டல், சாப்பிடும் இடம், ஆடும் அரங்கம் - இவ்வளவுதான் உலகம். தினந்தோறும் நோய்ப் பரிசோதனை. ஆடும்போதும் சாப்பிடும்போதும் தன் அறையில் இருக்கும்போதும் தவிர, முகத்தில் மூடி. ஒருவர் அறைக்குள் இன்னொருவர் போகக்கூடாது. அரங்கத்தில் ரஸிகர்கள் கிடையாது; ஆரவாரம்கூட ஒலிபெருக்கியிலிருந்துதான்! சட்டத்தை மீறினால் கட்சிக்கே பெருத்த அபராதம்.

இத்தனை சட்டத்திலும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 'வர விருப்பமில்லாதவர் வர வேண்டாம். அதற்குத் தண்டனை இல்லை' என்றார்கள். கால்கரி கட்சியின் டிராவிஸ் ஹாமனிக் அப்படியே நின்றுவிட்டார். முந்திய வருஷம் அவருடைய சின்னஞ்சிறு மகள் சுவாச நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். வீட்டில் கைக்குழந்தை வேறு. கோப்பையா, குழந்தையா என்ற கேள்விக்கு அவர் அதிக நேரம் யோசித்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது.

பாஸ்டன் கட்சியின் கோல் காப்பாளர் டூக்கா ராஸ்க் உள்ளே வந்தார். ஆகஸ்ட் 15-ந் தேதி, ஆட்டத்தன்று காலையில், வீட்டில் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிட்டார். அவரில்லாத பாஸ்டன் அடுத்த சுற்றில் டாம்பா பே கட்சியிடம் தோற்றது. அந்த டாம்பா பேதான் செப்டம்பர் 28-ந் தேதி கோப்பையைத் தூக்கியது. உள்ளே போன நாளிலிருந்து எண்ணினால் 65-ஆவது நாள்!

வேலிக்குள் ஆட்டம் நடந்த வாரங்களில் 33,000-க்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்தார்கள். நோய் கண்டவர் எத்தனை பேர்? பூஜ்யம்.

சரி, வெற்றி பரிசோதனைக்கா, வேலிக்கா? அடுத்த வருஷமே பதில் கிடைத்தது. 2021 ஜனவரியில் ஆட்டம் மறுபடி தொடங்கியபோது பரிசோதனை இருந்தது, முகமூடி இருந்தது, வேலி இல்லை. ஊர் ஊராகப் போனார்கள், ஆடினார்கள், வீடு திரும்பினார்கள். ஆட்டங்கள் பல தள்ளிப்போயின. வான்கூவர் கட்சியில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் நோயில் விழுந்தார்கள். பரிசோதனை நோயைக் காட்டிக்கொடுக்கும்; தடுக்காது. தடுத்தது சாத்திய கதவுதான்.

'அப்படியானால் கதவைச் சாத்தியே வைத்திருக்கலாமே?' என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அங்கேதான் இருக்கிறது கஷ்டம். இரண்டு மாதம் பிரிந்திருக்கலாம். வருஷம் முழுவதும் மனைவி மக்களைவிட்டு யார் இருப்பார்கள்? உள்ளே இருந்தவர்களுக்குச் சமைத்துப் போட ஆள் இருந்தார்கள், துணி வெளுக்க ஆள் இருந்தார்கள். வெளியே, நோய்க்காலத்தில், குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்களுடைய மனைவிமார்கள். அந்தப் பூஜ்யத்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது. கோப்பையில் அவர்கள் பெயரைப் பொறிப்பதில்லை.

வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கிறவளின் பெயரை வாசலில் யாராவது எழுதி வைக்கிறார்களா, என்ன?