அப்பாவோட இன்பாக்ஸும் நான் அடிச்ச ஃபார்மேட்டும்

மக்களே, பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் நான். ஆபீஸ்ல ராத்திரி பேக்கப் ஒழுங்கா ஓடுச்சான்னு பாக்குறதும் நான் புடுங்குற ஆணிகள்ல ஒண்ணு. ஓடலைன்னா காலையில முதல் போன் எனக்குத்தான் வரும். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டுல என்ன லட்சணத்துல பேக்கப் எடுத்தேன்னு சொல்றேன், கேளுங்க. சிரிச்சுக்கலாம், தப்பில்லை. சிரிச்சு முடிச்சதும் உங்க வீட்டுப் பொட்டியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

2016. நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் முடிச்சிருந்தேன். விண்டோஸ் 10-ஐ இலவசமா ஏத்திக்கலாம்ங்கிற கெடு ஜூலை 29-ஓட முடியுது. அப்பாவோட பழைய பொட்டி விண்டோஸ் 7-ல மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு. சும்மா அப்கிரேட் பண்ணிட்டு விட்டிருக்கலாம். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே... சுத்தமா ஃபார்மேட் அடிச்சு புதுசா போட்டாத்தான் பறக்கும்னு முடிவு பண்ணேன்.

"எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டியாடா?"ன்னு அப்பா கேட்டார். "எடுத்தாச்சுப்பா"ன்னேன். பொய் இல்லை. டெஸ்க்டாப், மை டாகுமெண்ட்ஸ், போட்டோ, பாட்டு எல்லாம் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்குப் போயாச்சு. சாயங்காலம் புது விண்டோஸ்ல தண்டர்பேர்டைப் போட்டு அவரோட ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். இன்பாக்ஸ்ல வந்து விழுந்தது மூணே மூணு மெயில். மூணும் அன்னைக்கு வந்தது.

அப்பா பயன்படுத்தினது பாப்3. சர்வர்ல இருந்து மெயிலை இறக்கி பொட்டிக்குள்ள வச்சுக்கிற முறை. 'சர்வர்லயும் ஒரு காப்பி விட்டு வை'ன்னு ஒரு டிக் இருக்கும். அவரோட மெயில் கணக்குல இடம் ரொம்பக் கம்மிங்கிறதால அந்த டிக்கை அவரே எடுத்து வச்சிருந்தார். அதனால 2005-ல இருந்து சேர்ந்த 11 வருஷ மெயிலும் இருந்தது ஒரே இடத்துலதான்: ஆப்டேட்டான்னு மறைச்சு வச்ச ஃபோல்டர், அதுக்குள்ள ரோமிங், அதுக்குள்ள தண்டர்பேர்ட், அதுக்குள்ள புரொஃபைல்ஸ். கண்ணுக்கே தெரியாத ஃபோல்டரை எவன் காப்பி எடுப்பான்? நான் எடுக்கலை.

அந்த 11 வருஷத்துல பாதிக்கு மேல மஸ்கட்ல இருந்த சித்தப்பா எழுதினது. முதல்ல இங்கிலீஷ் எழுத்துல தமிழ், அப்புறம் இ-கலப்பை போட்டுக்கிட்டு நல்ல தமிழ்லயே. வீடு கட்டின கணக்கு, பாட்டியோட மாத்திரை, கேம்ப்ல போடுற சாம்பாரைப் பத்தின நக்கல்னு எல்லாம் இருக்கும். அப்பா திட்டலை. "போனாப் போகுதுடா, அவன்தான் வாரா வாரம் போன்ல பேசுறானே"ன்னு விட்டுட்டார்.

2021 மே மாசம், ரெண்டாவது அலையில சித்தப்பா போயிட்டார். காரியம் எல்லாம் முடிஞ்ச ராத்திரி அப்பா மெதுவா கேட்டார்: "அவன் எழுதினதுல ஒண்ணாவது எங்கியாவது இருக்குமாடா?"

பழைய டிஸ்க்கை நோண்டினேன். அதுமேல விண்டோஸே ஏறி அஞ்சு வருஷம் ஆச்சு, என்ன கிடைக்கும்? சித்தப்பாவோட மெயில் பாஸ்வேர்டு சித்திக்கும் தெரியலை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அதுக்கப்புறம் இதைப் பத்தி யார் பேசினாலும் நான் காது கொடுத்துக் கேக்குறேன். பெரும்பாலும் ரெண்டு சமாதானம்தான் வரும்.

முதல் சமாதானம்: "அதான் சர்வர்ல இருக்கே." பாப்3-னா சர்வர்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. ஐமேப்னா இருக்கும், ஆனா அது கண்ணாடி மாதிரி. இங்க தப்பா அழிச்சா அங்கயும் அழியும், அங்க அழிஞ்சா இங்கயும் அழியும். சிங்க் வேற, பேக்கப் வேற. 2011 பிப்ரவரியில ஜிமெயில்ல ஒரு மென்பொருள் கோளாறு, 0.02 சதவீதம் பேரோட மெயில் காணாமப் போச்சு. கூகுள் பல டேட்டா சென்டர்ல காப்பி வச்சிருந்தும் கோளாறு அந்தக் காப்பிகளையும் விட்டு வைக்கலை. கடைசியில எதுல இருந்து மீட்டாங்க தெரியுமா? டேப்! ஆன்லைன்ல இல்லாம தனியா அலமாரியில கிடந்த டேப். கூகுளுக்கே அந்தக் கதின்னா நமக்கு? அதோட ரெண்டு வருஷம் தொடாம விட்ட கணக்குகளை 2023 டிசம்பர்ல இருந்து அவங்களே அழிக்க ஆரம்பிச்சுட்டாங்க. போனவங்களோட கணக்கை யார் போய்த் தொடுவாங்க, சொல்லுங்க.

ரெண்டாவது சமாதானம்: "அதான் காப்பி எடுத்தாச்சே." நானும் இதையேதான் சொன்னேன். திறந்து பார்க்காத காப்பி காப்பியே இல்லை. நான் சொல்ல வந்தது மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

சரி, என்ன பண்ணணும்? தண்டர்பேர்ட்னா ஹெல்ப் மெனுவுல 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போங்க. அங்க 'புரொஃபைல் ஃபோல்டர்' பக்கத்துல உள்ள பட்டனை அமுக்கினா அந்த ஒளிஞ்சிருக்கிற ஃபோல்டர் திறக்கும். இடத்தைக் குறிச்சுக்கிட்டு தண்டர்பேர்டை மூடிடுங்க. மூடாம எடுத்தா பாதி எழுதின பைல் வரலாம். அப்புறம் ஃபோல்டர் மொத்தத்தையும் காப்பி பண்ணுங்க. உள்ள 'இன்பாக்ஸ்'னு பின்னொட்டே இல்லாம ஒரு பைல் இருக்கும், மெயில் எல்லாம் அதுலதான். பக்கத்துல எம்எஸ்எஃப்னு முடியுறது வெறும் அட்டவணை. அழிஞ்சாலும் தானா உருவாகிக்கும். அதை மட்டும் எடுத்துட்டுப் போய் ஏமாந்தவங்க உண்டு. ஐமேப் கணக்குன்னா முக்கியமான மெயிலை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'க்குள்ள காப்பி பண்ணிடுங்க. அங்க இருக்கிறதை சர்வர் தொடாது.

கிளாசிக் அவுட்லுக்னா அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல 'டேட்டா ஃபைல்ஸ்' டேப்புல பைல் எங்க இருக்குன்னு காட்டும். பிஎஸ்டி-ன்னு முடிஞ்சா அதை எடுங்க. ஓஎஸ்டி-ங்கிறது சர்வரோட நிழல், அதை நம்பாதீங்க.

எத்தனை காப்பி? பீட்டர் க்ரோக்ங்கிற புகைப்படக்காரர் பரப்பின 3-2-1 கணக்கு நல்ல கணக்கு: மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனத்துல, ஒண்ணு வீட்டுக்கு வெளியே. என் பங்குக்கு ஒண்ணு சேர்த்துக்கிறேன்: போன மாச காப்பி மேலயே இந்த மாச காப்பியை எழுதாதீங்க. பைல் கெட்டுப் போயிருந்தா, கெட்டதை வச்சு நல்லதை அழிச்ச கதையாயிடும்.

கடைசியா சோதனை. வேற பொட்டியில தண்டர்பேர்டைப் போடுங்க. அதை மூடி வச்சுட்டு, காப்பியில உள்ள இன்பாக்ஸ் பைலை 'பழசு'ன்னு பேர் மாத்தி அங்க உள்ள லோக்கல் ஃபோல்டர்ஸ்ல போட்டுத் திறங்க. பத்து வருஷத்துக்கு முந்தின ஒரு மெயிலைப் படிச்சுப் பாருங்க. படிக்க முடிஞ்சா அன்னைக்குத்தான் நீங்க பேக்கப் எடுத்தவர்.

"பழைய மெயிலை எவன்பா திரும்பப் படிக்கப் போறான்?"னு கேப்பீங்க. வாஸ்தவம்தான். எழுதினவர் இருக்கிற வரைக்கும் யாரும் படிக்கிறதில்லை.

ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். சித்தப்பாவோட மெயில்ல ஒண்ணே ஒண்ணு தப்பிச்சது. செங்கல், சிமெண்ட் கணக்கு கேட்டு அவர் எழுதினதை அப்பா பிரிண்ட் எடுத்து வீட்டுக்கடன் பைல்ல சொருகி வச்சிருந்தார். 'மாடிப்படிக்குக் கைப்பிடி மறக்காம வைங்கண்ணே, அம்மா ஏறுவாங்க'ன்னு முடியும். எங்க வீட்டுல ஒழுங்கா எடுத்த ஒரே பேக்கப் அந்தக் காகிதம்தான்.

இப்போ மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை அப்பா போன் பண்ணுவார். "காப்பி எடுத்தியாடா?"ன்னு கேக்குறதை நிறுத்திட்டார்.

"திறந்து பார்த்தியாடா?"ன்னுதான் கேக்குறார்.