தூண்டிலுக்கு முந்திய நாள்

மாசி பாதி கடந்து, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துப் பிசான நெல் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்க, அறுவடை இயந்திரங்களின் இரைச்சல் தாமிரபரணியின் எங்கள் கரையிலும் அம்பாசமுத்திரத்துக் கரையிலும் மாறி மாறிக் கேட்கத் தொடங்கும் நாட்களில், கல்லிடைக்குறிச்சியை விட்டுத் தூரதேசம் போய்ப் பிழைக்கிற பிள்ளைகள் சிலர் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைக் கும்பிட ஊர் திரும்புவது வழக்கம். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த என் அண்ணன் மகன், பெட்டியில் துணிமணிகளைவிடத் தூண்டில் சாமான்களையே அதிகமாகக் கொண்டுவந்திருந்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் வேலை பார்ப்பவன் அவன். அங்கே பாஸ் என்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்பதைப் பொழுதுபோக்கு என்பதைக் காட்டிலும் ஒரு வித்தை என்றே சொல்ல வேண்டும். 1932ஆம் ஆண்டில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் அந்த மாநிலத்து மாண்ட்கோமரி ஏரியில் பிடித்த, பத்துக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பெருவாய் பாஸ் ஒன்றின் எடையை இன்றுவரை எவரும் ஐயத்துக்கு இடமின்றி விஞ்சவில்லை. 2009இல் ஜப்பானியர் ஒருவர் அதைச் சமன் செய்தார், அவ்வளவுதான்.

பாஸ் இல்லாத நம் பிரதேசத்தில் அதற்கு ஈடான மீன் விரால். செடிகொடிகளின் மறைவில் அசையாமல் கிடந்து, மேலே தவளையோ பொடிமீனோ சலசலத்தால் ஒரே பாய்ச்சலில் கவ்வும் குணம் இரண்டுக்கும் பொது. ஆகவே பிள்ளையாண்டான் விராலையே குறியாகக் கொண்டு, ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே, சேரன்மகாதேவிக்குத் தெற்கே களக்காடு போகும் வழியிலுள்ள ஒரு குளத்தைத் தேர்ந்து, அதன் செயற்கைக்கோள் படத்தை அச்செடுத்து, ஆழம் இருக்கலாமென்று தோன்றிய இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டு, எந்த மணிக்கு எந்த மூலையில் ரப்பர் தவளையை வீசுவது என்பது வரை எழுதிவைத்திருந்தான். அந்தச் சிரத்தையை நான் மனமாரப் பாராட்டினேன். ஆனால் அந்தத் தாளில் ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. அதுவே அதன் பெருங்குறை என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

குளிர்தேசத்து ஏரியில் வசந்தம் வருவதை உஷ்ணமானியைக் கொண்டு அறிகிறார்கள். உறைபனிக்காலம் முழுவதும் ஆழத்தில் சோர்ந்து கிடக்கும் பாஸ், ஜலத்தின் உஷ்ணம் ஏறி ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸுக்கு வரும்போது கரையோரத்து ஆழமற்ற பகுதிக்கு வந்து, மணலில் குழி பறித்து முட்டையிடுகிறது; அதனால் அங்கே முன்வேனிற்காலத்துப் பிரயாணத் திட்டம் என்பது, வெயில் முதலில் படுகிற கரை எது, காற்று எந்தப் பக்கத்து வெந்நீரை எந்த மூலைக்குத் தள்ளும் என்கிற கணக்கே ஆகும். நம் குளத்து நீரோ மார்கழியிலும் அவ்வளவு குளிர்வதில்லை. மாசி பங்குனியில் இங்கே மாறுவது உஷ்ணம் அன்று, மட்டம். பிசானப் பயிருக்குக் கடைசித் தண்ணீர் கேட்டு மடை திறந்திருக்க, மேலிருந்து வரத்தும் ஒடுங்க, நீர் நாளுக்கு நாள் உள்வாங்கி, ஐப்பசி கார்த்திகையில் உள்வாய் முழுவதும் பரந்து மேய்ந்த மீனெல்லாம் கரையடிப் பள்ளங்களையும் மடைக்குழியையும் நோக்கி நெருங்குகின்றன. ஜார்ஜியாவில் வெயிலைக் கேட்டு மீனைத் தேடுவதென்றால், நெல்லைச் சீமையில் மடையைக் கேட்டுத்தான் தேட வேண்டும். மடையோ படத்தில் பேசாது.

தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒருநாள் முன்னதாக வெறுங்கையோடு குளத்தைப் பார்த்து வருவோம் என்று நான் சொன்னபோது, ஒரு நாள் வீணாகிறதே என்ற வருத்தம் அவன் முகத்தில் தெரிந்தது. எனினும் வந்தான். பனைகள் வரிசையிட்ட குளக்கரையில், கரையடி மாடன் பீடத்தைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் கீழமடை. இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் தண்ணீர் ஏறி இறங்கிய காலங்களெல்லாம், வெளுத்த கோடும் பாசிபிடித்த கோடுமாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிந்திருந்தன. கடைசிப் பச்சைக்கோட்டுக்கும் அன்றைய நீருக்கும் இடையே ஒரு முழம் கல் இன்னும் ஈரம் காயாமல் கறுத்திருந்தது. அந்த ஒரு முழமும் சமீபத்தில்தான் இறங்கியிருக்கிறது என்பதை அவனுக்குச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தபோது, மடையைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் மண்வெட்டியைத் தோளில் சாத்தியபடி வந்து சேர்ந்தார்.

"எந்த ஊருல இருந்து வாரீய?" என்றார். சொன்னோம். படத்தைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது பெருவெள்ளத்துக்கு முந்தி எடுத்தது. நீங்க வட்டம் போட்டிருக்க கலுங்குப் பக்கம் பூராவும் மண்ணு மேவிட்டு. இப்ப அங்க முட்டளவு தண்ணிதான். மீனெல்லாம் இந்தக் குழிக்கு வந்துட்டு." பிறகு சற்று நிறுத்தி, "குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டியளா?" என்று கேட்டார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்காரர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. எத்தனையோ குளங்களின் கரை உடைந்தது. உடையாத குளங்களிலும் வண்டல் இடம் மாறியது, பள்ளம் மேடாயிற்று, ஓடை புதுவழி கண்டது. பிறந்து வளர்ந்த ஊர்க்குளமே அதன்பின் ஒருவகையில் நமக்கு அறிமுகமில்லாத குளமாகிவிட்ட நிலையில், அயலூர்க் குளத்தைப் பழைய படத்தைக்கொண்டு அறிந்துவிடலாம் என்று எண்ணுவது எப்படிப் பொருந்தும்? சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக ஒரு புஸ்தகத்தை 1887இல் வெளியிட்டார். ஒரு நூலுக்குக் கொள்ளத்தக்க விஷயம் நம் குளக்கரையில் இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். நாமோ, அதைக் காட்டிலும் நுட்பமான அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்கும் மடைக்காரர்களிடம், இன்று மட்டம் என்ன என்பதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் முறையீடு அதைப்பற்றியதே. நம் குளங்களின் மீன், மீன்பாசிக் குத்தகை என்ற பெயரில் ஏலம் விடப்படுகிறது. எடுத்தவர் பணம் கட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, தண்ணீர் வற்றும் காலத்தில் வலைபோட்டு எடுத்துத் தம் முதலை மீட்கிறார். அப்படியிருக்க, குளம் பொதுச்சொத்துதானே என்று எண்ணிக்கொண்டு யாரோ ஒருவர் வந்து தூண்டிலை வீசினால் அவருக்குக் கோபம் வருவது இயற்கை. வந்தவருக்கோ தாம் செய்த பிழை இன்னதென்றே விளங்குவதில்லை. என் அண்ணன் மகன் ஜார்ஜியாவில் அரசாங்க அனுமதிச்சீட்டு இல்லாமல் ஒருநாளும் ஏரிக்குப் போனவன் அல்லன். சட்டத்துக்கு அடங்கி நடக்க அவன் தயாராகவே வந்தான். அடங்கி நடப்பதற்கு இன்ன இடத்தில் இன்னாரிடம் சீட்டு வாங்கு என்று சொல்லத்தான் இங்கே ஓர் ஏற்பாடு இல்லை. குத்தகைக்காரர் நல்ல மனிதர். வீடு தேடிப் போய்ச் சொன்னதும், "விராலுதானே, புடிச்சுக்கோங்க, கட்லா சிக்கினா விட்டுருங்க" என்று ஒரே வாக்கியத்தில் அனுமதி தந்துவிட்டார். ஆனால் ஒரு மனிதரின் நல்ல குணத்தையே நம்பி எல்லாக் குளங்களிலும் காரியம் நடந்துவிடாது.

ஏலத்தின் நிபந்தனைகளில் இன்னும் ஒன்றைச் சேர்த்தால் போதும். ஒரு நாளைக்கு, ஒரு கைத்தூண்டிலுக்கு, சொற்பக் கட்டணத்தில் குத்தகைக்காரரே சீட்டுக் கொடுக்கலாம். அதில் ஒரு பங்கு ஊராட்சிக்குப் போகலாம். இது நம் ராஜ்யத்துக்குப் புதிய சம்பிரதாயமும் அன்று. நீலகிரியில் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவோர் சீட்டு வாங்கிப் போகும் முறை பல தலைமுறைகளுக்கு முன்பே ஏற்பட்டுவிட்டது. மலைமேல் துரைமார்களின் மீனுக்கு ஏற்பட்ட ஒழுங்கு, சமவெளியில் விராலுக்கு ஏன் ஏற்படக்கூடாது? தூண்டில்காரர்கள் கரையில் காலிப் புட்டிகளைப் போடுவார்கள், அறுந்த நைலான் நரம்பை விட்டுப் போவார்கள், அதில் கொக்கும் நாரையும் கால் சிக்கிச் சாகும் என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது முழுக்க நியாயம். நானே அப்படிச் சிக்கிய ஓர் உண்ணிக்கொக்கைக் கத்தரிக்கோல் கொண்டு விடுவித்திருக்கிறேன். ஆனால் பெயர் எழுதிச் சீட்டு வாங்கியவனிடம் நரம்பைச் சுருட்டி எடுத்துப் போ என்று சொல்லலாம்; இருட்டோடு வந்து இருட்டோடு போகிறவனிடம் எதைச் சொல்வது?

சீட்டு எழுதவே கூடாத நீர்நிலைகளும் நமக்கு உண்டு. காரையாறும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை. பாபநாசத்துப் படித்துறையில் பொரிக்கு வாய் திறந்து கூடும் மீன்களின்மேல் தூண்டிலை நினைப்பவன் இந்தச் சீமைக்காரனாக இருக்க முடியாது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்திலும், 2005இல் பறவைகளுக்கென்று ஊராரே முன்னின்று காப்பிடம் பெற்ற திருப்புடைமருதூரிலும், மாசி பங்குனி என்பது கூடும் குஞ்சுமாகப் பறவைகள் நிறைந்திருக்கும் பருவம். அங்கே பைனாக்குலரோடு போகலாம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த பாஸ் மீனையே கொண்டுவந்து நம் அணைகளில் விட்டால் என்ன என்று சிலர் ஆசையோடு கேட்கிறார்கள். ஜப்பானில் 1925இல் அகபோஷி என்பவர் ஆஷி ஏரியில் அதைத்தான் செய்தார். அது பிற ஏரிகளுக்கும் பரவி, உள்நாட்டுச் சிறுமீன்களைத் தின்று தீர்த்து, முடிவில் 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் விலக்கப்பட்ட அந்நிய உயிரினங்களில் ஒன்றாயிற்று. அவ்வளவு தூரம் போவானேன்? 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டையும், தடை இருந்தும் திருட்டுத்தனமாக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நம் குளங்களில் செய்திருப்பதை எந்த மீன்காரரைக் கேட்டாலும் சொல்லுவார். விரால் இருக்கிற நாட்டுக்கு வேறு வீரன் வேண்டியதில்லை.

மறுநாள் விடியற்காலையில் மூவரும் கீழமடைக்குப் போனோம். பெரியவர் காட்டிய இடம், தண்ணீருக்குள் நிற்கும் பட்ட உடைமரம் ஒன்றின் அடி. சுற்றிலும் அல்லி இலை. விரால் நீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழ முடியாத மீன். இடையிடையே மேலே வந்து வாயால் காற்றை விழுங்கியாக வேண்டும். அது எழும் இடத்தில் இலை ஒரு கணம் நடுங்கும், ஒரு குமிழி வெடிக்கும். அந்த நடுக்கத்தைப் பெரியவர் விரலால் காட்டக் காட்ட, பையன் ரப்பர் தவளையை அதற்கு ஒரு பாகம் அப்பால் வீசி, இலைமேல் தத்தித் தத்தி இழுத்துவந்தான். அரைமணி நேரத்தில் இரண்டு நல்ல விரால்; ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

மூன்றாவது முறை அவன் கையை ஓங்கியபோது பெரியவர் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பற்றினார். உடைமரத்துக்கு இடப்புறம், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குத் தண்ணீர் செம்மஞ்சளாய்க் கொதிப்பதுபோல் இருந்தது. உற்றுப்பார்த்தால் அவ்வளவும் குஞ்சு. ஊசிமுனை அளவு வாய்களால் நூற்றுக்கணக்கில் காற்றைக் குத்திக்குத்திக் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே, கறுத்த நிழலாக, நகர்ந்தும் நகராமலும் தாய்தகப்பனில் ஒன்று நின்றது. விரால் பெருமளவில் இனம் பெருக்குவது மழைக்காலத்தில் என்றாலும், நீர் வற்றாத பள்ளங்களில் பிற மாதங்களிலும் இப்படிப் பார்ப்போடு திரிவதுண்டு. அந்த நேரத்தில் எது எதிரே விழுந்தாலும் குஞ்சைக் காக்க அது பாய்ந்து கவ்வும். பிடிப்பதற்கு அதைவிட எளிய மீன் இல்லை. பிடித்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் கெளுத்தியும் கெண்டையும் அந்தத் தட்டைத் துடைத்துவிடும்.

பையன் ஒன்றும் பேசவில்லை. ஜார்ஜியாவில் ஆண் பாஸ் தன் குழியின்மேல் காவல் நிற்பதை அவன் பலமுறை பார்த்திருக்கிறான். நரம்பை முழுவதும் சுற்றி, முள்ளைக் கழியின் வளையத்தில் மாட்டிவிட்டு, கரையில் உட்கார்ந்துகொண்டான். பெரியவர் அவன் பக்கத்தில் குந்தி, பீடியைப் பற்றவைத்து, "ஐப்பசியில வாங்க தம்பி, இதுல பாதி பொழைச்சிருந்தா குளம் தாங்காது" என்றார். இரண்டு விராலில் ஒன்றை அல்லி இலையில் சுற்றி அவரிடம் கொடுத்தோம். மற்றொன்றைக் குத்தகைக்காரர் வீட்டில் காட்டிவிட்டுக் கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுவந்தோம்.