வெள்ளத்தில் முங்கிய கார் மினுமினுப்பாக வருது! வாங்குறவங்க உஷார்!

சென்னை,
2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 'மிச்சாங்' புயல் மழையிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கார்கள் முங்கிக் கிடந்தன. அதெல்லாம் எங்கே போச்சு?

ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'. கம்பெனி பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுப்பது குற்றமில்லை. பெயிண்ட் அடித்து, விஷயத்தை மறைத்து விற்பதுதான் மோசடி.

ஓட்டவே லாயக்கில்லாத வண்டி என்றால் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி, ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டம், 55-வது பிரிவு. சொல்லாமல் விட்டால்? கார் செத்தாலும் ஆர்.சி. உயிரோடு இருக்கும்! அந்த ஆர்.சி.யை, நம்பரைத் திருட்டுக் காருக்கு மாட்டிய கும்பல்கள் உத்தரப்பிரதேசத்தில் போலீசில் சிக்கியிருக்கின்றன. வாங்கியவர் பாடு? காரும் போச்சு, காசும் போச்சு!

'பரிவாகன்' இணையதளத்தில் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். கிளைம் கதை தெரியாது. எனவே பழைய பாலிசி காப்பியைக் கேளுங்க. அதை வைத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரிங்க. 'நோ கிளைம் போனஸ்' பூஜ்யமா? முழு பாலிசி திடீரென்று 'தேர்டு பார்ட்டி' ஆனதா? காரணம் கேளுங்க. சேஸிஸ், எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுங்க. அடியில் சேறு இருந்தால் நடையைக் கட்டுங்க!

ஒரு நாள் அலைச்சலுக்குச் சோம்பினால், வருஷக்கணக்கில் அவஸ்தை!