கூரைக்கும் மூச்சு வேண்டும்

அந்தமானுக்குப் போய் வருகிறவர்கள் கடலைப் பற்றியும் சிறையைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் ஒரு தகரக் கூரையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) மேடும் பள்ளமுமான ஊர். ஒரு மேட்டுச் சரிவில் என் அத்தை வீடு. மாமா மதுரைப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்காகக் கப்பலேறியவர், அங்கேயே தங்கிவிட்டார். தகரக் கூரை, அதன் அடியில் ப்ளைவுட் சீலிங், இரண்டுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகலாம் என்கிற அளவுக்கு ஒரு மச்சு. ஏப்ரல் மாதம், மத்தியானம் இரண்டு மணி. வாசலில் கடற்காற்று சிலுசிலுவென்று வீசுகிறது. உள்ளே நுழைந்தால் வேறு தேசம்.

"ஸ்டூல்ல ஏறி மேலே தொட்டுப் பாருங்க மாப்ளே" என்றார் மாமா. தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் ஆறிக்கொண்டிருக்கிற சூடு. சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டையெல்லாம் வாரி எங்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. முந்தின வாரம் மத்தியானத்தில் தலை சுற்றி விழுந்திருக்கிறாள். 'வெயில் நேரத்தில் புழுக்கமான அறையில் படுக்க வைக்காதீர்கள்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் ஏசி வாங்கலாம் என்கிறான். மாமாவுக்கு மின்சாரக் கட்டணத்தை நினைத்தாலே வியர்க்கிறது. வீட்டில் இதுதான் வழக்கு.

இங்கே வெப்பமானி பயமுறுத்துவதில்லை. பகலில் 31, 32 டிகிரி செல்சியஸ். இரவில் 24, 25. வேலூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் காற்றில் ஈரம் எண்பது சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக் கொள்வது வியர்வை ஆவியாவதால்தான். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. போதாக்குறைக்கு, வெயிலில் காய்ந்த தகரம் காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறி, மச்சுக்குள் அகப்பட்ட காற்றை ஐம்பது டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறது. அந்தக் காற்றுக்கு வெளியேற வழியில்லை. சீலிங்கைச் சுட வைத்து, சீலிங் வழியாக நம்மைச் சுடுகிறது.

இந்தத் தீவுகளின் பூர்வகுடிகளுக்கு இது தெரிந்திருந்தது. கார் நிகோபாரின் பழைய வட்ட வீட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆள் உயரக் கால்களின்மேல் நிற்கும். தேன்கூடு போன்ற கூம்பிய ஓலைக் கூரை. ஜன்னலே கிடையாது. ஆனாலும் உள்ளே புழுக்கமில்லை. தடித்த ஓலை வெயிலைத் தடுக்கிறது. தரையின் இடுக்குகள் வழியே கீழிருந்து குளிர்ந்த காற்று ஏறி வருகிறது. சூடான காற்று உச்சிக்குப் போய், மனிதர் தலைக்கு எட்டாத உயரத்தில் நின்றுகொள்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோயிற்று. அரசாங்கம் அவசரத்துக்குத் தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தது. அவசரத்துக்கு வேறு என்ன செய்ய முடியும்? குறை சொல்லவில்லை. ஆனால் பகலில் உள்ளே உட்கார முடியவில்லை என்று பலரும் புலம்பினார்கள். பிறகு நிரந்தர வீடுகள் வந்தபோதும் சிலர் பக்கத்திலேயே ஓலையால் ஒரு குடிசை கட்டிக்கொண்டு, பகற்பொழுதை அதில் கழித்தார்கள். கொடுத்தவர்கள் கூரையைக் கொடுத்தார்கள்; கூரையின் மூச்சைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

போர்ட் பிளேரின் பழைய மர வீடுகளிலும் அந்த அறிவு கொஞ்சம் இருந்தது. 1883இல் தொடங்கிய சாத்தம் மரமில் அறுத்துத் தந்த பலகைகளில் எத்தனையோ வீடுகள் எழுந்தன. பலகை இடுக்குகளே பாதி ஜன்னல். 2002இல் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. காட்டைக் காக்க அது வேண்டியதுதான். ஆனால் மரம் கிடைப்பது அரிதாகிவிட, சிமெண்டும் தகரமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அடுத்து வருவது ஏசி.

ஏசி வாங்குவது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாமா? நிலப்பகுதியின் மின்கம்பி கடலைத் தாண்டி இங்கே வரவில்லை. மின்சாரத்தில் பெரும் பகுதி டீசலில் உற்பத்தியாகிறது. அந்த டீசல் கப்பலில் வருகிறது. நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு வழி செய்திருக்கிறது. அது பகல் தேவைக்குக் கை கொடுக்கும். இரவெல்லாம் ஓடும் ஏசிகளுக்கு டீசல்தான் எரிய வேண்டும். ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ 1,500 வாட் கேட்கும். 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நூறு வாட்டுக்குள் போதும்.

ஃபேன் போடலாம் என்று மாமா ஏற்கெனவே ஒரு தடவை முயன்றிருக்கிறார். அந்தக் கதையையும் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் ஒரு எலக்ட்ரீஷியன் வந்து, ஹாலின் சீலிங்கில் ஒரு ஓட்டை போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை மச்சைப் பார்த்து மாட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். அன்று மழை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஃபேனைப் போட்டதும் சமையலறையின் தாளிப்புப் புகை அத்தனையும் ஹாலுக்கு வந்துவிட்டது. இருமி இருமி அத்தை அதை நிறுத்தச் சொல்லிவிட்டாள். "காத்தாடியாம் காத்தாடி" என்பது அவள் தீர்ப்பு.

பிழை ஃபேனில் இல்லை. வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் அது கிடைத்த வழியில், சமையலறையின் புகைபோக்கி வழியாகக்கூட, திரும்பி வரும். இன்னொரு பக்கம், மச்சுக்குள் தள்ளிய காற்று வெளியே போக வழி செய்யவில்லை. அது முட்டி மோதி, சீலிங் இடுக்குகள் வழியே மறுபடியும் ஹாலுக்கே இறங்கிவிட்டது.

இங்கே இரண்டு வகை ஃபேன்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மச்சின் சூட்டை மட்டும் வெளியேற்றுவது. அது மச்சின் பக்கச் சுவரில் முகட்டை ஒட்டி இருக்கும். கூரை விளிம்பின் கீழுள்ள துவாரங்கள் வழியே வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் ஓட வேண்டியது இது. மற்றது, முழு வீட்டின் காற்றையும் இழுத்து மச்சின் வழியாக வெளியே தள்ளுவது. ஏசி பரவாத காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டுக்கு வீடு இருந்தது. வெளியே வீட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியது அது.

தகரத்துக்கு முதல் வகை. தகரம் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். அதன் கொடுமை பகலில். கான்கிரீட்டுக்கு இரண்டாவது வகை. அது பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு இரவில் கக்கும். மாடி வீட்டில் மச்சு இருக்காது. மாடிப்படிக் கூண்டின் உச்சியில் ஒரு ஃபேனை வைத்தால் அதே வேலையைச் செய்யும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஹால் ஓட்டையை அடைத்தோம். அதே ஃபேனை மச்சின் ஒரு பக்கத்து முக்கோணச் சுவரில் முகட்டை ஒட்டி வெளிப்பக்கம் பார்த்து மாட்டினோம். காற்று உள்ளே வர எதிர்ப்பக்கத்திலும் கூரை விளிம்பிலும் திறப்புகள். வலையும் மழைத் தடுப்புப் பட்டிகளும் காற்றை மறிக்கும் என்பதால், திறப்புகளின் மொத்தப் பரப்பு ஃபேன் வாயைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். பல்லிக்கும் வௌவாலுக்கும் வலை. சாரலுக்குச் சாய்வான பட்டிகள். உப்புக் காற்றில் இரும்பு உளுத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் இறக்கை. கடைசியாக, தகரத்தின்மேல் வெள்ளைப் பூச்சு. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். ஏறிய சூட்டை விரட்டுவதைவிட ஏறவிடாமல் தடுப்பது மலிவு. நம்மைப் போலவே ஈர வெக்கையில் வாழும் ஃபுளோரிடாவில் ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாக அளந்து கண்டதும் இதைத்தான்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் ஃபேன் வியாபாரி ஆகிவிடுவேன். இவை குளிரைத் தயாரிப்பதில்லை. பாலைவன ஊர்களில் இரவு சட்டென்று பதினைந்து டிகிரி குறையும். அங்கே முழு வீட்டு ஃபேன் அற்புதம் செய்யும். இங்கே பகலுக்கும் இரவுக்கும் ஏழு டிகிரிதான் வித்தியாசம். வரும் காற்றிலும் ஈரம் உண்டு. சூட்டை வெளியேற்றும், உடம்பில் காற்றுப் பட வைக்கும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. ஏசி ஓடும் அறையில் இதைப் போட்டால், காசு கொடுத்து வாங்கிய குளிரைத் தெருவுக்கு அனுப்பியதாகும். வெயிலில் நோயாளிக்கு உண்மையிலேயே ஏசி தேவைப்படும் நாளும் உண்டு. அன்றைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஆனால் ஏசி போட்டாலும், சீலிங் சுடாத வீட்டில் அது குறைவாகவே ஓடும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் மறுபடியும் ஸ்டூலில் ஏறிச் சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு இருந்தது, சுடவில்லை. கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. கீழே பாயில் அத்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா என் பக்கம் திரும்பி, பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.