பாம்பு இருக்கும், போகாதே!

பள்ளிக்கூடத்துப் பசங்களை மாசத்துக்கு ஒரு நாளாவது வெளியில கூட்டிட்டுப் போய் செடி, பூச்சி, பறவைன்னு காட்டலாமேன்னு சொன்னா, எங்க கீரனூர்ப் பக்கம் உடனே வர்ற பதில் ஒண்ணுதான். "அங்கெல்லாம் பாம்பு இருக்குமுங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

இதைச் சிரிச்சுத் தள்ளிட முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஆனா ஒண்ணைக் கவனிங்க. இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை கிராமத்தில், வீட்டிலேயே நடந்தவை. பசங்களை வகுப்பறைக்குள்ளயே பூட்டி வெச்சா பாம்பு வராதுன்னு யாரு சொன்னது?

எங்க ஊருக்குத் தெக்கால நீலமாத் தெரியுதே கொடைக்கானல் மலை, அங்கே 1950-களில் ஒரு பையன் படிச்சான். அமெரிக்காவில் பிறந்து சின்ன வயசிலேயே இந்தியா வந்த ராமுலஸ் விட்டேகர். ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில மலைப்பாம்பு வளர்த்த ஆசாமி! அந்தக் கிறுக்கு அவரை வாழ்நாள் பூரா விடலை. 1972-ல் சென்னை கிண்டியில் பாம்புப் பண்ணை. 1976-ல் மாமல்லபுரம் போற வழியில் முதலைப் பண்ணை. 1978-ல் இருளர்களோட கூட்டுறவுச் சங்கம். தோலுக்காகப் பாம்பு பிடிச்சுக்கிட்டு இருந்த மக்கள், அதுக்கப்புறம் விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்துக் கொடுத்தாங்க. 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சது. சென்னைக்கு டூர் போன எத்தனையோ பசங்க, கையில கல்லு இல்லாம பாம்பைப் பார்த்ததே கிண்டியிலதான் இருக்கும் :)

அந்தப் பண்ணைகளை அவரோட சேர்ந்து வளர்த்தவர் ஸாய் விட்டேகர். குழந்தைகளுக்கு நிறைய எழுதினவர். காளின்னு ஒரு இருளர் பையனோட கதை அதில ஒண்ணு. வகுப்பில அவனோட யாரும் சேர மாட்டாங்க. ஒரு நாள் வகுப்புக்குள்ள சாரைப்பாம்பு வந்துடும். வாத்தியார் உட்பட எல்லாரும் அலற, காளி மட்டும் பயப்படாம அதைப் பிடிச்சுடுவான். பாடம் யாருக்குத் தெரிஞ்சிருக்குன்னு பாருங்க!

நம்ம பசங்க பாம்பைப் பிடிக்கணும்னு நான் சொல்லலை. தயவு செஞ்சு அது மட்டும் வேண்டாம். காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கொரங்காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போங்க. காலில ஷூ போட்டுக்கட்டும். கிளுவை வேலிக்குள்ள கையை விடக்கூடாதுன்னு அங்கேயே சொல்லிக் கொடுங்க. சாரை எலி தின்னும், அதுக்கு விஷமில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும் ஆளைக் கொல்லும். எதுன்னு தெரியலைன்னா தள்ளி நில்லு. கடிச்சா கீறாதே, இறுக்கிக் கட்டாதே, நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது பரீட்சைக்கான பாடம் இல்லைங்க, உயிர் பாடம்.

இதுக்குப் பஸ் வாடகை வேண்டாம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தரைக் கூப்பிட்டா போதும், எந்தப் பொந்தில எது இருக்கும்னு அவர் சொல்வார். கவுதாரியும் கீரியும் ஓணானும் கூடவே வந்து பாடத்தில சேர்ந்துக்கும்.

"பாம்பு இருக்கும், போகாதே"ன்னு சொல்லி வளர்த்தாச்சு. இனி "பாம்பு இருக்கும், பார்த்துப் போ"ன்னு சொல்லிப் பார்ப்போமே.