ஷீட்டுக்குக் காட்டும் கவனம் ஸ்க்ரூவுக்கும் வேண்டும்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மொட்டை மாடிக்கு ஷீட் போடுவது பெருகிவிட்டது. ஹார்டுவேர் கடைகளுக்கு நல்ல வியாபாரம்தான். ஆனால் ஷீட் 0.45 எம்.எம்.மா, 0.50-ஆ என்று துருவித் துருவிக் கேட்கும் வாடிக்கையாளர், ஸ்க்ரூ என்று வந்தால் "எது மலிவோ அதைக் கொடுங்கள்" என்கிறார். அந்த இடத்தில் வியாபாரி வாயைத் திறக்க வேண்டும் என்பது நம் கருத்து.

புயல் நமக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். இரண்டும் புதுவையை ஒட்டியே கரை கடந்தன. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. பலத்த காற்று ஷீட்டை அடியில் புகுந்து தூக்கும். ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு அதிகம். அங்கே ஸ்க்ரூவை நெருக்கிப் போட வேண்டும். சட்டத்தில் அடித்த வெறும் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மரக்காணம் பக்கம் உப்புக் காற்று வேறு. பளபளக்கும் மின்முலாம் ஸ்க்ரூவில் துத்தநாகப் பூச்சு பெரும்பாலும் 10 மைக்ரானுக்குள்தான். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜே போல்ட்டில் அதைப்போல் பல மடங்கு. கையில் எடுத்தால் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். அழகைப் பார்த்து வாங்குகிறவர் இதை ஒதுக்கிவிடுவார்! வாஷரும் அப்படியே. சாதாரண ரப்பர் வெயிலில் வெடித்து ஒழுகும், இ.பி.டி.எம். வாஷர் தாங்கும்.

பில்லில் வெறுமனே "ஸ்க்ரூ" என்று எழுதாமல் பூச்சு வகையையும் எழுதுவோம். பூச்சு விவரம் அச்சிடாத பெட்டிகளை மொத்த வியாபாரிகள் இறக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்பே சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுப்பது நல்லது.